கண்ணை மூடிக்கொண்டு கேட்ட படம்

27.4.2025, ஞாயிறு

இன்று நம் வீட்டுக்கு வந்திருந்தவர்களை முதலில் எழுதி வைக்கிறேன். பிற்பாடு ஒருவரும் "நான் அன்னிக்கு அங்க இல்லையே" என்று சொல்லக் கூடாது. என் மகன் எபினேசர், ரயில்வேயில் இருக்கிறவன். மருமகள் ஹெலன். பேத்தி ஜெமிமா. அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை ரூபன், அவனுடைய அம்மா. திட்டக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். நம் சபைப் போதகர். பொருளாளர் கிறிஸ்துதாஸ். பக்கத்து வீட்டு ஜைத்தூன் பீவி. அப்புறம் தெருக்கோடி மார்த்தாள், ஐம்பது வருஷமாக எனக்கு ஆகாதவள். மார்த்தாளை நான் கூப்பிடவில்லை. சர்ச்சிலிருந்து எல்லோரோடும் சேர்ந்து நடந்து வந்தாள், செருப்பைக் கழற்றினாள், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.

காலை ஆராதனையில் ஜெமிமாவுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பது எங்கள் சபை வழக்கம். ஆட்சேபணை என்று ஒருவர் எழுந்து நான் இதுவரை பார்த்ததில்லை. அந்த வரி சட்டைக்கு உள்பக்கம் தைத்த பை மாதிரி சும்மா இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு மெட்ராஸில் வேலை. சினிமாவுக்குச் சத்தம் செய்கிறான். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. நடக்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம், தட்டு விழுகிற சத்தம். படம் எடுக்கும்போது அதெல்லாம் சரியாகப் பதியாதாம். பிறகு ஒரு அறையில் உட்கார்ந்து தனியாகச் செய்து சேர்க்கிறார்களாம். உடைப்பதற்காகப் பழுதான கோப்பை மூட்டை மூட்டையாக வாங்க, ஜெமிமா வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனிக்கு வந்தவன். "ஒடைக்கிறதுக்கா வாங்குறீங்க?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அங்கே ஆரம்பித்தது.

டீ குடிக்கும்போது ஜைத்தூன் பீவி கேட்டாள், "கடைசியா எந்தப் படம் செஞ்சீங்க தம்பி?"

அவன் பேர் சொன்னான். அந்தப் பேரை நான் இதில் எழுத மாட்டேன்.

"அட! எங்க வூட்டு டிவில வருதே அது. எம் மவன் அஃப்தாபு குவைத்துல இருந்து பணம் கட்டிப் போட்டு வுட்டிருக்கான்."

மார்த்தாள் மெல்லுவதை நிறுத்தினாள். நான் பார்த்தேன்.

28.4, திங்கள்

மார்த்தாள் நேற்று போகும்போது ஒரு பஜ்ஜியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாள். கேட்டிருந்தால் நானே பொட்டலம் கட்டிக் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை.

4.5, ஞாயிறு

கோபத்தில் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. மெதுவாக எழுதுகிறேன்.

இரண்டாம் ஓலை. போதகர் சின்ன வயசு, இந்தச் சபைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "யாருக்காவது ஆட்சேபணை இருந்தால்" என்று வாசித்து, பதிலுக்கு நிற்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"இருக்குதுங்க ஐயா."

பெண்கள் பக்கத்திலிருந்து. எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஐம்பது வருஷமாகக் கேட்கிற குரல்.

போதகர், "இல்லம்மா... இது வழக்கமா வாசிக்கிறது..." என்றார்.

"வாசிச்சீங்க இல்ல? அப்ப இருக்குது. மாப்பிள்ள வேலை செஞ்ச படம் ஏ சர்டிபிகேட்டு படம். நம்ம பெண்கள் சங்கத்துல ஒரு தீர்மானம் இருக்குது. யாரு கொண்டாந்தாங்கன்னு சொல்லட்டுமா?"

சொல்ல வேண்டாம். நான்தான் கொண்டு வந்தேன். 1994, ஆகஸ்ட். பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தியேட்டரில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். பிள்ளைகளோடு அந்தப் பக்கம் நடக்க முடியவில்லை. அன்றைக்குச் சங்கத்தில் எழுந்து சொன்னேன்: ஏ படம் பார்க்கிறவர்கள், காட்டுகிறவர்கள், அதில் கூலி வாங்குகிறவர்கள் எவரும் நம் சபையில் பீடத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது. 'கூலி வாங்குகிறவர்கள்' என்பதை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். அந்தத் தியேட்டரில் டிக்கெட் கிழித்தவன் நம் சபைக்காரன். என் கோழியைத் தன் கோழி என்று சாதித்தவன். எல்லோரும் கை தூக்கினார்கள். நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

அந்தக் கோழிக்காரன் செத்தே போனான். தீர்மானம் சாகவில்லை.

பீடத்துக்கு முன்னால் நிற்காமல் கல்யாணம் எப்படி நடக்கும்?

சனிக்கிழமை கமிட்டி கூடுமாம். அதற்குப் பிறகுதான் மூன்றாம் ஓலை வாசிப்பதா வேண்டாமா என்று தெரியும்.

5.5, திங்கள்

ஜெமிமா சாப்பிடவில்லை. தட்டைக் கொண்டுபோய் அவள் எதிரில் வைத்தேன்.

"நீ போட்ட சட்டம் பாட்டி."

"நான் படம் பாக்கக் கூடாதுன்னு சொன்னேன். இவன் பாக்கலையே, சத்தந்தான போட்டான்?"

"பாக்காம எப்படி சத்தம் போடுறது? ஒரே சீன நாப்பது அம்பது தடவ பாப்பாங்க."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

6.5, செவ்வாய்

போதகர் போன் செய்தார். மாப்பிள்ளை சபைக்கு முன்னால் நின்று, இனி இந்த மாதிரிப் படங்களில் வேலை செய்ய மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கமிட்டி விட்டுவிடுமாம். ரூபனிடம் கேட்டோம். நல்ல பிள்ளை, "சொல்லிட்டாப் போச்சுங்க" என்றான்.

ஜெமிமா போனைப் பிடுங்கினாள். "பொய் சொல்லிட்டு பீடத்துக்கு முன்னாடி நிக்கிறவன் எனக்கு வேணாம். எனக்காக நெஜமாவே வேலைய வுட்டுட்டு வர்றவனும் வேணாம்."

எபினேசர் கேட்டான், "அப்ப எவன்தாம்மா வேணும்?"

"இவந்தான்" என்று அழுதாள்.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று என்று ஹெலன் புலம்புகிறாள். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. இந்தப் பெண் நாலு வயசிலிருந்து அழுது நான் பார்த்ததில்லை. கீழே விழுந்தால் தரையைத் திட்டும்.

8.5, வியாழன்

எழுதலாமா கூடாதா என்று யோசித்தேன். எழுதுகிறேன். நான் இன்று அந்தப் படத்துக்குப் போனேன்.

போனேன் என்றால் பக்கத்து வீட்டுக்கு. என்ன படம், அதில் என்ன பாவம் என்று தெரியாமல் சனிக்கிழமை கமிட்டியில் போய் என்ன பேசுவது? ஆனால் என் தீர்மானம் என் கண்ணுக்கும் உண்டு. அதனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது என்று முடிவு செய்தேன். அவன் செய்தது சத்தம்தானே? சத்தத்தை மட்டும் விசாரித்தால் போதும்.

மத்தியானம் ஹெலனும் நானும் போனோம். ஜைத்தூன் பீவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்களுமா சாராக்கா? போன வாரந்தான மார்த்தாக்கா வந்து பாத்துட்டுப் போனாங்க."

"எவ்ளோ நேரம் பாத்தா?"

"முழுசும். கடைசில பேரெல்லாம் வர்ற வரைக்கும் எழுந்திரிக்கல. டீ குடுத்தேன், ஆறிப் போச்சு. நாந்தான் அடுப்படி வேலையில படத்தப் பாக்கல."

என் உள்ளம் குளிர்ந்தது. சனிக்கிழமைக்கு இதைவிட என்ன வேண்டும்! கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன். எதற்கு என்று ஹெலனுக்குப் புரியவில்லை.

"எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் இந்த மாதிரி படம் பாக்காதீங்கன்னுதான் சொல்றாரு" என்றாள் ஜைத்தூன் பீவி, படத்தைப் போட்டுக்கொண்டே.

நான் முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கதை பேச்சிலேயே புரிந்தது. ஆலை வேலைக்குப் போகிற பெண். புருஷன் குடிகாரன் இல்லை, ஊரில் நல்ல பேர் எடுத்தவன். வீட்டுக்குள் வந்தால் வேறு ஆள்.

நடுவில் சத்தம் நின்றுபோனது.

"என்னாடி ஹெலன், கரண்டு போயிடுச்சா?"

"இல்ல அத்தை. அவங்க ரெண்டு பேரும் பேசாம இருக்காங்க."

"இவ்ளோ நேரமாவா?"

"கொஞ்சம் அதிகமாதான் இருக்காங்க" என்றாள் ஜைத்தூன் பீவி. ரிமோட் ஹெலன் கையில் இருந்திருக்கிறது.

பிறகு அவன் அடிக்கிற இடம் வந்தது. பளார் என்று ஒன்று. ஹெலன் "ஐயோ" என்றாள். ஜைத்தூன் பீவி "யா அல்லா" என்றாள். எனக்கு அது களிமண் என்று தெரிந்தது. கல்யாணமான புதிதில் பீங்கான் கம்பெனியில் ஆறு வருஷம் மண் பிசைந்தவள் நான். ஈர மண்ணைத் தூக்கிப் பலகையில் அறைந்தால் வருகிற சத்தம் அது. "மண்ணு" என்றேன். இரண்டு பேரும் "உஷ்" என்றார்கள். அப்புறம் எலும்பு முறிகிற சத்தம். "பீங்கான் ஃபியூஸ் கேரியர் ஒடையுது" என்றேன். "அத்தை, பேசாம இருங்க!" என்று ஹெலன் கத்தினாள். என்னைப் பெரியவள் என்று பார்க்காமல் கத்தினாள்.

ஆனால் ஒன்று. மண் என்று தெரிந்தும், இரண்டாம் தடவை அடி விழுந்தபோது நான் என்னையறியாமல் "எழுந்து ஓடுடி!" என்று கத்தினேன். யாரும் உஷ் சொல்லவில்லை.

அவள் அவனைக் கொன்றுவிட்டாள். கோர்ட்டில் நிறுத்தினார்கள். ஜட்ஜு தொண்டையைச் செருமினார்.

அப்போது உண்மையாகவே கரண்டு போய்விட்டது. விருத்தாசலத்தில் மே மாசம்!

அவளை விட்டார்களா, தூக்கில் போட்டார்களா? ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தும் கரண்டு வரவில்லை. இந்தத் தெருவில் முடிவு தெரிந்தவள் மார்த்தாள் ஒருத்திதான். அவளிடம் போய்க் கேட்பதைவிட நான் தெரியாமலே செத்துப் போகலாம்.

10.5, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் கமிட்டி. போதகர், பொருளாளர் கிறிஸ்துதாஸ், இன்னும் நாலு ஆண்கள். பெண்கள் சங்கத் தலைவி என்று நான். ஆட்சேபணைக்காரி என்று மார்த்தாள். எபினேசரும் ரூபனும் சுவரோரம். ஜெமிமாவை உள்ளே விடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

என் மடியில் வெடி வைத்திருந்தேன். 'கடைசில வர்ற பேரைப் படிச்சிருக்கியே மார்த்தா, அதுவரைக்கும் படத்தை யாரு பார்த்தது?' இந்த ஒரு கேள்வி போதும். அவள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அதற்குள் கிறிஸ்துதாஸ் ஆரம்பித்தார். "நான் அந்தக் கண்றாவியெல்லாம் பாக்கறதில்ல. ஆனா கேள்விப்பட்டேன். கட்டின புருஷனக் கொன்னவளப் பத்தி ஒரு படம். நடத்த கெட்டவ. அவளப் போயி பெருசா..."

"அவ நடத்த கெட்டவ இல்ல!"

மார்த்தாள். எழுந்தே விட்டாள்.

"என்னாத்தக் கண்டீங்க நீங்க? அவ ஆலைக்குப் போனா, வந்தா, சோறாக்கினா. நடத்தையில என்னா கொறையக் கண்டீங்க?"

"அந்த சூப்பர்வைசரோட சிரிச்சிப் பேசல?" என்றார் கிறிஸ்துதாஸ், படம் பார்க்காதவர்.

"அவரு அண்ணன் மொறைங்க" என்றார் கமிட்டியில் ஒருவர். "ரெண்டாவது சீன்லயே சொல்லிடுறாங்களே."

"அண்ணன் மொறைன்னாலும், கத்திய எடுத்துக்..."

"கத்தி இல்லங்க, அரிவாள்மணை" என்றார் போதகர்.

எல்லோரும் போதகரைத் திரும்பிப் பார்த்தார்கள். போதகர் முகம் காது வரை சிவந்தது. "எச்சரிக்கை பண்ணணும்னா... தெரிஞ்சுக்கணுமேன்னு... அதான் கடைசில ஜட்ஜு அவளை..."

"முடிவச் சொல்லாதீங்க!" என்று இரண்டு காதையும் பொத்தினேன். என் மானமும் போனது. ஜன்னலில் ஜெமிமா சிரித்த சத்தம் பொத்திய காதிலும் கேட்டது.

இத்தனை பேர் பார்த்திருக்கிறோம். ஒருவருக்கும் ஒருவர் தெரியாமல் பார்த்திருக்கிறோம். என் வெடி நமத்துப் போனது. சரி, இனி மார்த்தாளிடம் நேராகக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். "நீயுந்தான் முழுசா பார்த்த. பார்த்துட்டு, பசங்க கல்யாணத்த எதுக்குடி நிறுத்தப் பாக்குற?"

அவள் சுவரோரம் நின்ற ரூபனைப் பார்த்தாள்.

"தம்பி, அந்த அறை வுழுற சத்தம். அது நீ செஞ்சதுதான?"

"ஆமாங்க."

"அப்படியேதான் இருந்துச்சு. அந்தச் சத்தம் ரெண்டு பேருக்குத்தான் அவ்ளோ நல்லாத் தெரியும். ஒண்ணு வாங்கினவ, இல்லன்னா ஓங்கினவன். நீ வாங்கியிருக்க மாட்ட. அதான் பயந்துட்டேன். அந்தப் பொண்ண உங்கிட்ட குடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன். வேற காரணம் சொன்னா எடுபடாது. ஏ சர்டிபிகேட்டுன்னேன். சாராளு தீர்மானம் இருந்துச்சு, தோதாப் போச்சு."

கிறிஸ்துதாஸ், "ஏம்மா, உங்களுக்கு எப்படி... மாசிலாமணி ஐயா எப்பேர்ப்பட்ட..." என்று ஆரம்பித்தார். மாசிலாமணி மார்த்தாளின் புருஷன். கிறிஸ்துதாஸுக்கு முன்னால் பொருளாளர். செத்துப் பன்னிரண்டு வருஷம். பிரசங்க பீடத்துக் கல்லில் அந்த ஆள் பேர் பொன் எழுத்தில் இருக்கிறது. கிறிஸ்துதாஸ் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க முடியாது என்று அவருக்கே தெரிந்தது.

ரூபன் சொன்னான், "அம்மா, அது மண்ணும்மா. ரப்பர், தோலு, கோதுமை மாவு எல்லாம் அடிச்சுப் பார்த்தேன், எதுவும் சரியா வரல. இந்த ஊரு களிமண்ணுதான் சரியா வந்துச்சு. வந்தப்ப எனக்கே கேக்க முடியல. காதுல மாட்டுறதக் கழட்டி வெச்சிட்டு வெளிய போயிட்டேன்."

"காட்டு."

"இப்பவா?"

"இப்ப."

ஜன்னலில் இருந்த ஜெமிமாவைக் காணோம். ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கம்பெனியிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி ஒரு உருண்டை மண்ணோடு திரும்பி வந்தாள். இந்தத் தடவை யாரும் அவளை உள்ளே விடக் கூடாது என்று சொல்லவில்லை. ரூபன் கமிட்டி மேஜை மேல் இருந்த காகிதங்களை எடுத்து எபினேசர் கையில் கொடுத்தான். மண்ணைத் தண்ணீர் தொட்டுத் தட்டினான். தூக்கி அறைந்தான்.

நாலு ஆண்களும் துள்ளி உட்கார்ந்தார்கள். போதகர் கண்ணாடி மேல் சேறு.

மார்த்தாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இன்னொருவாட்டி."

அறைந்தான்.

"இன்னொருவாட்டி."

மூன்றாவதற்குப் பிறகு அவள் கண்ணைத் திறந்து, போய் அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். விரல் வைத்து அமுக்கினாள். "மண்ணுதான்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள் என்று எழுத நினைத்தேன். அழவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஆட்சேபணை இல்லைங்க ஐயா" என்றாள்.

பிறகு நான் எழுந்தேன். என் தீர்மானத்தை நானே வாபஸ் வாங்கினேன். ஏ என்று போடுவது சின்னப் பசங்களுக்காக. அதைப் பசங்க பார்க்காமல் நாம் காவல் இருக்க வேண்டும். நமக்கு என்ன விதி என்றால், பார்த்தவர் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும், பார்க்காதவர் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மனசாட்சி குத்தினால் எழுந்து வந்துவிட வேண்டும். இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. போதகர் கை தூக்கச் சொன்னார். எல்லோரும் தூக்கினார்கள். அவர்தான் முதலில் தூக்கினார்.

என்னைக் கேட்டால் நான் இனியும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பேன். அந்தப் படத்தில் எனக்கு வேண்டாதது இருக்கிறது என்று ஹெலன் ரிமோட்டை அமுக்கிய நேரத்திலேயே தெரிந்தது. ஆனால் அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் மார்த்தாள் இன்று வாய் திறந்திருக்க மாட்டாள். இரண்டும் உண்மை. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று படித்தவர்கள் சொல்லட்டும்.

11.5, ஞாயிறு

மூன்றாம் ஓலை. "ஆட்சேபணை இருந்தால்" என்று வாசித்துவிட்டு போதகர் இந்த முறை நின்றார். மார்த்தாள் பக்கம் பார்த்தார். மார்த்தாள் கொட்டாவி விட்டாள்.

13.5, செவ்வாய்

மார்த்தாள் வீட்டுக்குப் போனேன். போய் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அதனால் முடிவைக் கேட்டேன். அவளே சொன்னாள். எழுத மாட்டேன், இதைப் படிக்கிறவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். பேசிக்கொண்டிருந்தோம். அவள் சொன்னதில் பாதி படத்தில் வராதது.

21.5, புதன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஜெமிமாவும் ரூபனும் பீடத்துக்கு முன்னால் நின்றார்கள். அவன் மோதிரத்தைக் கீழே போட்டான். உருண்டு போகிற சத்தத்தை இரண்டு பேரும் தலை சாய்த்துக் கேட்டார்கள், எடுக்கத் தோன்றவில்லை. எபினேசர் குனிந்து எடுத்தான்.

காலையில் நான் முதல் ஆளாக சர்ச்சுக்குப் போயிருந்தேன். பூ அலங்காரம் செய்கிறவர்களிடம் பெரிய பூ ஸ்டாண்டைத் தூக்கிப் பிரசங்க பீடத்துக் கல்லுக்கு முன்னால், பொன் எழுத்து மறையும்படி வைக்கச் சொன்னேன். "அங்க ஓரமா வெச்சா யாருக்கும் தெரியாது பாட்டி" என்றார்கள். தெரிய வேண்டியவளுக்குத் தெரிந்தால் போதும் என்றேன்.

மார்த்தாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல் இருக்கிற பக்கம் பார்த்தாள்.

"பூவு நல்லாருக்குது சாராளு" என்றாள்.

விருந்தில் போதகரைப் பிடித்துக் கேட்டேன், செத்தவர்களையும் மன்னித்தே ஆக வேண்டுமா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசிக்கட்டும். நான் யோசித்தாயிற்று. கிறிஸ்துதாஸை மன்னித்துவிட்டேன். என்னை அதட்டிய ஹெலனை மன்னித்துவிட்டேன். கோழிக்காரனைக்கூட இன்று மன்னித்துவிட்டேன், கல்யாண நாள் என்பதால். மார்த்தாள் மேல் ஐம்பது வருஷமாகச் சேர்த்து வைத்த கோபம் அத்தனையும் கையில் இருக்கிறது. வீணாக்க மனசில்லை. ஆளை மட்டும் மாற்றிக்கொண்டேன். கடைசி மூச்சு வரைக்கும் மன்னிக்க மாட்டேன் என்று இங்கே பேரோடு எழுதி வைக்கிறேன்: மாசிலாமணி.